மறுபடியும் அம்மாதான்

மறுபடியும் அம்மாதான். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு என்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? போன மாதம் போட்டுவிட்ட சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்திருக்கிறார், மகராசன். அக்காவுக்கு ஒரு பொத்தான் போயிருக்கிறது. தம்பிக்கு முட்டியில் கொஞ்சம் அழுக்கு. கைக்குழந்தை அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குத்தான் கழுத்து தொங்குகிறது, வலது தோள் பிரிந்து பஞ்சு எட்டிப்பார்க்கிறது, ஒரு கண்ணைக் காணோம்.

இதில் ஒரு வார்த்தைகூட அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்வதற்கு அந்த அறையில் ஆளும் இல்லை. மனசுக்குள் பேசிக்கொண்டே பெட்டியிலிருந்து துணிப் பொம்மைகளை எடுத்து மேஜையில் வரிசையாகப் படுக்கவைத்தாள். குழந்தைகள் மனநல நிலையத்தின் விளையாட்டு அறையில் இப்படி நாலு பொம்மைக் குடும்பங்கள் இருந்தன. எல்லாம் அவள் தைத்தவை. மாதம் ஒருமுறை கிழிந்து வருவதைத் தைத்துக் கொடுப்பதும் அவள்தான். நிலையத்தில் அவளுக்குப் பொம்மையக்கா என்று பெயர். ஐம்பது முடிந்துவிட்டது. கல்யாணம் என்று ஒன்று வந்து, பெரிய சத்தமில்லாமல் போயும் விட்டது. பிள்ளை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றுமோ என்று சில வருடங்கள் பேருந்துக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. நடந்தே போய்விட்டாள்.

கடிகாரக் கடைக்கு மேலே அவளுடைய அறை. மதியம் மூன்று மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து மேஜையின் பாதியை எடுத்துக்கொள்ளும். கீழேயிருந்து கடிகாரங்கள் மணியடிக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், ஐந்து நிமிடத்துக்கு. அந்த ஐந்து நிமிடம் எந்த நேரத்திலும் சேராதது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அப்போது ஊசி தன்போக்கில் போகும். மனசு அதன் பின்னாலேயே நூலாகப் போகும்.

போன வருடம் நிலையத்து டாக்டர் இதே அம்மாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களாம்மா, எந்தக் குழந்தை வந்தாலும் தாயத்தான் தாக்குது. உள்ள எவ்வளவு கோவம் இருக்கு பாருங்க."

மெல்லிய குரல் அவருக்கு. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். பிள்ளை பெறாதவளையும் 'அம்மா' போட்டுத்தான் பேசுவார்.

"கோவம் இல்ல டாக்டர், அதத்தான் முதல்ல எடுக்குதுங்க," என்றாள்.

அவர் சிரித்தார். குழந்தை சொன்ன பதிலுக்குச் சிரிக்கிற மாதிரி.

அவளுக்குத் தெரியும், ஏனென்றால் நூல் சொல்லும். ஆத்திரத்தில் இழுத்துக் கிழித்தால் துணி கிழியும், தையல் நிற்கும். எடுத்து எடுத்துப் புழங்கினால் துணி நிற்கும். தையல் மெலிந்து மெலிந்து விட்டுப்போகும். அம்மா பொம்மைக்கு எப்போதும் தையல்தான் விடுகிறது. சின்னக் கை பிடிப்பதற்கு வாகான இடம் கழுத்து. எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் பிடிக்கின்றன. அவளை வண்டியாக ஓட்டுகின்றன, தலையணையாகப் போட்டுக்கொள்கின்றன, கொட்டின தண்ணீரை அவளாலேயே துடைக்கின்றன. அப்பா புதுக் கருக்கு அழியாமல் இருக்கிறார் என்றால் யாருக்கும் அவர்மேல் கோபமில்லை என்று அர்த்தமா? அவரை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பொம்மைங்கதான் உங்க பிள்ளைங்கன்னு உங்க அடிமனசு நினைக்குதும்மா. அதான் இவ்வளவு நுணுக்கமாத் தைக்கிறீங்க." அப்போது அவளுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது பதில் வந்தது: அப்படியென்றால் பல் டாக்டருக்குப் பிள்ளை இல்லாவிட்டால், பிடுங்கின பல்லெல்லாம் அவருக்குப் பிள்ளையா? தனியாக நின்று சிரித்தாள். அவளுக்குப் பதில்கள் எல்லாமே இப்படித்தான், மூன்று நாள் கழித்து, கை ஈரமாக இருக்கும்போது வரும்.

கழுத்தைப் பாதி தைத்திருந்தபோது மாடிப்படியில் இரண்டு விதமான காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று பூட்ஸ். இன்னொன்று குதிப்பு.

தங்கை பேருந்து ஓட்டுகிறவள். சீருடையோடு வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க. கையில் பட்டாணி. ஐந்து வயதுப் பெண்ணுக்குப் பட்டாணி என்ற பேர் ஏன் வந்தது என்று கேட்டால், உருட்டிவிட்டால் நிற்கமாட்டாள், அதனால்.

"பெரிம்மா, உங்க வீட்டுப் படி பதினேழு. போன தடவ பதினாறு. யாரோ ஒண்ணு போட்டிருக்காங்க!"

"நான்தான் போட்டேன். நீ வளந்துட்டியே, பத்தாம போயிடுமேன்னு."

பட்டாணி அதை ஏற்றுக்கொண்டு, காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். இந்த வாய்தான் பள்ளிக்கூடத்தில் ஏழு மாதமாகத் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குகிறாளாம். நிலையத்துக்கும் மூன்று மாதமாகப் போய்வருகிறாள். அங்கேயும் ஒரு சொல் கிடையாது. பொம்மைகளோடு விளையாடுவாள், டாக்டர் எழுதிக்கொண்டிருப்பார்.

தங்கை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அரை மணி நேரம்தான்கா இருக்கு. டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டாரு."

"என்னவாம்?"

"நான்தான்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. வலிக்கிற பல் எது என்று கடைசியில் தெரிந்துவிட்ட நிம்மதி.

"நாலாம் மாசமே வேலைக்குத் திரும்பிட்டேன்ல. அது வேலைக்குப் போனது இல்லையாம், ஓடிப்போனதாம். இவளத் தூக்கிவெச்சுக்க எனக்கு உள்ளுக்குள்ள பயமாம். ஏன் பயம்னா, என்னை யாரும் தூக்கல. அம்மா என்னைத் தூக்கினதே இல்லைல்ல? நீயே எத்தனையோ தடவ சொல்லியிருக்க."

"சொல்லியிருக்கேன்."

"அதான். எனக்கு ஞாபகம் இல்ல, நான் கைக்குழந்த. உனக்கு ஒம்போது வயசு. நீ வந்து சொல்லி, எழுதினதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும். குடும்ப வரலாறுன்னா இன்னொருத்தர் உறுதி பண்ணணுமாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு."

"போட்டா?"

"ரெண்டு வருஷம் நான் வண்டியை விட்டுட்டு வீட்ல இருக்கணும். இவகூடவே. விட்டுப்போனதெல்லாம் திரும்பக் கட்டலாமாம்." தங்கை தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ரூட்டக் குடுப்பாங்களான்னு தெரியல. பரவால்லக்கா."

அந்த ரூட் ஏரியைச் சுற்றிப் போவது. விடியற்காலை முதல் வண்டியில், முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர் மட்டும் தெரிகிற ஒரு வளைவு உண்டு என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த வளைவில் தான் யாருக்கும் எதுவும் இல்லை என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் வேறாக இருக்கும்.

"மாப்பிள்ளைக்கு எத்தனை வருஷம் லீவு?"

"அவருக்கு எதுக்குக்கா?" நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு புரிந்து, வராத சிரிப்பைச் சிரித்தாள். "நீ ஒருத்தி. அவரு அச்சகத்துல லீவு கேட்டா மை ஊத்திடுவாங்க தலையில."

பூட்ஸ் சத்தம் இறங்கிப்போனது. பட்டாணியை மாலையில்தான் கூட்டிப்போவாள்.

வெயில் மேஜையைவிட்டு இறங்கித் தரையில் படுத்தது. பட்டாணி, தைத்து முடித்த அம்மாவைப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினாள். மூடியின்மேல் மற்ற பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்தாள், கைக்குழந்தை உட்பட.

பொம்மையக்காவுக்குக் கை நின்றது. இதைப் பற்றி டாக்டர் சொல்லியிருக்கிறார். யாருடைய குழந்தை என்று சொல்லாமல்தான் சொன்னார்: ஒரு குழந்தை ஒவ்வொரு தடவையும் தாயைப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறது, சவப்பெட்டியில் வைப்பதுபோல, பிறகு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"பட்டாணி, அம்மா ஏன் உள்ள இருக்காங்க?"

"கேபின்." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். "டிரைவர் கேபின் கதவ மூடணும் பெரிம்மா. மூடலன்னா வண்டி கிளம்பாது. லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"ஓகோ."

"யாரும் டிரைவர்கூடப் பேசக்கூடாது. போர்டுல போட்டிருக்கு. ஆனா டிரைவருக்கு எல்லாரும் தெரியும், கண்ணாடியில."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு அறையைச் சுற்றினாள். நாற்காலிக்காலில் நின்று, ஆள் ஏற்றி, ஆள் இறக்கி, மறுபடி கிளம்பி. அந்தச் சுற்றலைப் பார்த்துக்கொண்டே பொம்மையக்கா சுவரில் சாய்ந்தாள். கீழே கடிகாரங்கள் நாலு மணியை ஆளுக்கொரு நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன.

தூக்கம் என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்ததாகத்தான் நினைவு. அறை முழுக்க ஆவி வந்தது, வெள்ளையாக, சோப்பு வாசத்தோடு. ஆவிக்குள் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மா. ஈரப் படுக்கைவிரிப்புகளை ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை யாரோ ஒருத்தியும் பிடித்து முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்க விரிப்பு நீண்டு, தெருவைத் தாண்டி, ஏரியைத் தாண்டிப் போகிறது. மறுமுனையைப் பிடித்திருப்பவளின் முகம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அம்மா சொல்கிறாள், "ரெண்டு கையும் இன்னிக்கு லீவு. காலு இருக்கு, வாங்க."

அம்மா சொன்னது கனவு இல்லை. அது நடந்தது.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் அப்படியே தரையில் மல்லாந்துவிடுவாள். கை இரண்டையும் உடம்புக்கு இருபுறமும், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி போட்டுக்கொள்வாள். தம்ளரைத் தூக்கக்கூட வராது. முட்டியை மடக்கிக் காலை உயர்த்தினால், முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே சரிவாக ஒரு இடம் கிடைக்கும். ஒன்பது வயது மகள் கைக்குழந்தையை எடுத்து அந்தச் சரிவில் குப்புறப் படுக்கவைப்பாள். அம்மா காலை ஆட்டுவாள். பாதம் மேலும் கீழும் போகும், குழந்தை முழங்காலில் கன்னத்தை வைத்து, எச்சில் வழிய, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போகும். பிறகு பெரியவள் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒரு கால் அவள்மேல் வந்து விழும், கனமாக, வெதுவெதுப்பாக. அந்தக் கனத்துக்கு அடியில் உலகம் அசையாது.

சில நாள் அதுவும் கிடையாது. "என்னைக் கொஞ்ச நேரம் விட்டுத் தொலைங்களேன்," என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட வராது. சும்மா உட்கார்ந்திருப்பாள். வெளியே வந்து யாரையும் பார்த்து மன்னிப்பு கேட்டதில்லை. அம்மாவைப் பற்றி நினைத்தால் அந்தச் சாத்தின கதவும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். பொம்மையக்கா அதை ஒதுக்கிவைத்துப் பார்க்கப் பழகவில்லை.

அப்பாவின் கையைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். நல்ல கைகள்தான். சாயங்காலம் முழுக்கக் காலியாக இருந்த கைகள். செய்தித்தாளைப் பிடித்திருந்தன.

"பெரிம்மா, கடைசி ஸ்டாப்பு. எறங்குங்க," என்றாள் பட்டாணி, அவள் முழங்காலைத் தட்டி.

வியாழக்கிழமை டாக்டரின் அறையில் ஜன்னல் திரை பாதி இறக்கியிருந்தது. மீன்தொட்டிக்குள் இருப்பதுபோல வெளிச்சம் பச்சையாக நின்றது. பட்டாணி பக்கத்து விளையாட்டு அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் புறம், சத்தமில்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தங்கை கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"படிச்சுப் பாருங்கம்மா. அவசரமே இல்ல," என்று காகிதங்களை நகர்த்தினார் டாக்டர்.

தாய் என்ற தலைப்பில் மூன்று பக்கம். அதற்குள் தாயின் தாய் ஒரு பக்கம். தந்தை என்ற இடத்தில் ஒரே வரி: அச்சக ஊழியர், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. எழுத்து அழகாக இருந்தது. 'குழந்தையின் பாட்டி தம் மகள்களைக் கையில் தூக்கியதில்லை. உணர்ச்சியில் வறண்டவர். அந்த வறட்சி மகள் வழியாகப் பேத்தியின் மௌனமாக வந்து நிற்கிறது.' கதையாகப் படித்தால் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"உங்கம்மா தங்கச்சியத் தூக்கி நீங்க பாத்ததுண்டா?"

"இல்ல டாக்டர்."

தங்கை மூச்சை விட்டது கேட்டது.

"தூக்கல. தூக்க முடியாது. ஒரு நாளைக்கு எரநூறு விரிப்பு முறுக்கினா கை மேல வராது. கால்ல போட்டு ஆட்டுவாங்க. இவ தெனமும் அங்கதான் தூங்குவா." தங்கையைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் உன்னை எடுத்து அங்க வெப்பேன். அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே தூங்குவ. இத உங்கிட்ட சொன்னதே இல்லைன்னு இப்பதான் தெரியுது. தூக்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

டாக்டர் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார்.

"என்ன எழுதறீங்க?"

"ஒண்ணும் தப்பா இல்லம்மா. தாய நியாயப்படுத்தறதுன்னு சொல்லுவோம். கிடைக்காதத, கிடைச்ச மாதிரி மனசு மாத்திக்கும். ரொம்ப சகஜம்."

"அந்தப் பெட்டி டிரைவர் கேபின் டாக்டர். எங்கிட்ட சொன்னா. கதவ மூடலன்னா வண்டி கிளம்பாதாம்."

அவர் நிஜமான ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தார். "அப்படியா? அழகு. ஆனா அது மேல தெரியறது. அதுக்கு அடியில ஒண்ணு இருக்கும்."

"நீங்க சொல்றதுக்கு நான் ஆமான்னு சொன்னா?"

"உங்களுக்கு உள்ளாற தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"இல்லன்னா?"

"அது ஒரு தடுப்பு. வலிக்கிற இடத்துலதான் தடுப்பு இருக்கும்."

"அப்ப நான் என்ன சொன்னா நீங்க சொன்னது தப்புன்னு ஆகும் டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார், நல்ல மனசோடுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் காத்திருக்காமல் அவளுக்கு வந்த பதில், அந்தக் கேள்வி. அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

"அப்ப ஏன்க்கா இவ பேச மாட்டேங்கறா?" தங்கை அவள் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. காரணம் என்ன?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா நான் எப்படித் தூங்கறது? ஏழு மாசமா வண்டி ஓட்டும்போது அதேதான் ஓடுது. இவரு ஒரு காரணம் குடுக்கறாரு, அத வாங்கிக்க விட மாட்டேங்கற." கையை எடுத்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. "அம்மா போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவங்களுக்கு இனிமே எங்க வலிக்கப்போகுது? எனக்கு வலிக்குது. எனக்காகப் போடுக்கா."

அது உண்மை. செத்தவளுக்கு வலிக்காது. உயிரோடு இருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். ஒரு கையெழுத்துதானே. பொம்மையக்கா காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் ஈரத்தில் ஊறியவைபோல மெல்ல அசைந்தன. அந்த வரிகளுக்குப் பின்னால் இன்னொரு அறை தெரிந்தது, இதே பச்சை வெளிச்சம், முப்பது வருடம் தள்ளி. பட்டாணி பெரியவளாகி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஏதோ ஒரு தூக்கம் கெட்ட துக்கம். யாரோ மெல்லிய குரலில் அவளிடம் கேட்கிறார்கள், "உங்க அம்மா எப்படி?" மேஜையில் மூன்று பக்கம். அதில் வேலையையும் ஏரியையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த ஒருத்தி, இவளாக, இந்தக் காய்த்த கையோடு. அப்போது அவள் வீட்டில் இருந்ததே காரணம் என்று எழுதியிருக்கும்.

தங்கையின் விரல்கள்மேல் தன் மற்றொரு கையை வைத்தாள்.

"உனக்கு வலிக்குதுன்னு தெரியுது. நான் தெனமும் வந்து உங்கூடப் படுத்துக்கறேன், தூங்கறவரைக்கும். ஸ்கூலுக்கு நான் வந்து உக்காரணுமா, உக்காரறேன். இவளுக்கு இங்க வைத்தியம் பாக்கணுமா, பாக்கட்டும். இதுல மட்டும் நான் கையெழுத்துப் போடல."

"அக்கா..."

"போடலம்மா."

தங்கை கையை இழுத்துக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் காகிதங்களை அடுக்கி, கனிவாகச் சொன்னார்:

"பரவால்லம்மா. வீட்டுக்குப் போயி நிதானமா யோசிங்க. அடுத்த வாரம் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் டாக்டர்," என்றாள் அவள். "அடுத்த வாரமும் இதேதான் சொல்லுவேன்."